சங்கு கேட்காத வீடு

பனிக்காலம் தொடங்கியதும் நகராட்சி வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தது. 'பனிச்சரிவு அபாயச் சங்கு ஊதினால் எல்லோரும் பள்ளிக்கூட மேட்டுக்குப் போய்விடவும். சனிக்கிழமைதோறும் ஒத்திகை. வீட்டில் யாருக்காவது சங்கு கேட்காவிட்டால் தெரிவிக்கவும்.'

தெரிவித்தது மலையடிவாரத்துக் கடைசி வீட்டு அம்மா ஒருவர்தான். வாராவாரம் அதே புகார். நகராட்சி மெக்கானிக் சங்கின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனான். காது கிழிகிறதென்று ஊரே அவனைத் திட்டியது.

"செவிடன் காதுல ஊதின சங்குதான்" என்று முனகியபடி, அடுத்த சனிக்கிழமை அவனே அந்த வீட்டில் போய் உட்கார்ந்தான்.

சங்கு ஊதியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அந்த அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"காதைப் பொத்துறீங்க! அப்புறம் எதுக்கும்மா கேக்கலைன்னு புகார்?"

"எங்க முழுசாச் சொல்ல விட்டீங்க? 'கேக்கலை'ன்னதுமே போனை வச்சுடறீங்களே!"

அவர் கைகாட்டிய சமையலறையில், கணவர் முதுகைக் காட்டியபடி நிதானமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். தலைகூட நிமிரவில்லை.

"மத்த நாள்ல பகல் முழுக்க நான் தையல் கடையில இருக்கேன் தம்பி. பனி சரிஞ்சா அவருக்கு யாரு சொல்றது?"

மெக்கானிக் எழுந்து போனான். அந்த வாரமே, சங்கோடு சேர்ந்து எரியும்படி ஒரு சிவப்பு விளக்கைச் சமையலறையில் மாட்டினான்.

சனிக்கிழமை அவனே போன் செய்தான். "இன்னைக்காவது கேட்டுச்சாம்மா?"

"நல்லாக் கேட்டுச்சு தம்பி! விளக்கு எரிஞ்சதும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காம, கத்தியும் கையுமா மேட்டுக்கு ஓடிட்டாரு மனுஷன்!"