வலிக்காத ஈரம்

கண்ணாடியில் பூவேலை செய்யும் பட்டறைக்குள் மதிய வெயில் சாய்வாக விழுகிறது. கொழுந்தனின் சட்டைக் கை நனைந்திருப்பதை அண்ணி பார்த்துவிடுகிறாள். அவனுக்கு ஒரு பக்கம் தண்ணீர்க் குழாய், மறுபக்கம் கண்ணாடியை அரிக்கும் அமிலம் நிரம்பிய பிளாஸ்டிக் கேன். “என்னடா அது ஈரம்?” என்கிறாள். “தண்ணி அண்ணி. அமிலம்னா இந்நேரம் குதிச்சிருக்க மாட்டேனா?” அவன் சிரிப்பதுதான் அவளை உறுத்துகிறது. கேனில் இருப்பது ஃப்ளோரின் சேர்ந்த அமிலம். அடுத்த அணுவின் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுப்பதில் ஃப்ளோரினை மிஞ்ச வேறு தனிமம் கிடையாது. அந்த அமிலம் சுடாமல், சத்தமில்லாமல் தோலுக்குள் இறங்கும். எலும்பின் கால்சியத்தில் கைவைத்த பிறகுதான் வலி வரும். அதற்குள் கையே போய்விடலாம்.

“வலிக்கலங்கறதுதான்டா எனக்குச் சந்தேகமா இருக்கு. காட்டு கையை.” “வளையல் போடப்போறீங்களா?” என்றபடி அவளருகே வந்து நீட்டுகிறான். அவள் துணியைத் தொடாமல் குறடால் மெல்ல விலக்குகிறாள். மணிக்கட்டில் கடிகாரம் டிக் டிக்கென்று ஓடுகிறது. அதன் கண்ணாடி பாதிக்குமேல் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருக்கிறது, முள் தெரியவில்லை. அவன் சிரிப்பு நிற்கிறது. “இன்னும் வலிக்கலையே அண்ணி,” என்கிறான், குழாயடிக்கு ஓடிக்கொண்டே.