பம்பருக்குக் குடிபோன சென்சார்

அந்தப் பழைய காரின் எஞ்சினுக்கு, உள்ளே இழுக்கும் காற்று குளிர்ந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாக வேண்டும், சுட்டால் கொஞ்சம் போதும். பக்கத்திலிருந்து காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரைக் கேட்டுத்தான் குடிக்கும்.

"கொதிக்குது அண்ணே" என்று தினமும் புலம்பும் சென்சார்.

குளிர்ச்சி என்று சொன்னால் எஞ்சின் கூடுதலாகக் குடிக்கும், வண்டி பறக்கும் என்று ஓனர் சென்சாரை மட்டும் கழற்றி முன் பம்பரில் மாட்டினார்.

"அண்ணே, ஊட்டி மாதிரி ஜிலுஜிலுன்னு இருக்கு!"

அதை நம்பி எஞ்சின் மடமடவென்று குடித்தது. மேம்பாலம் ஏறும்போது விக்கியது, இருமியது, கரும்புகை கக்கி நடுவழியில் நின்றது.

"டேய், எனக்கு வர்றது அதே சூட்டுக் காத்துதாண்டா! மூச்சு முட்டுது!"

சென்சாருக்குப் பாவமாகப் போய்விட்டது.

"பேசாம நீங்களும் இங்க வந்துடுங்கண்ணே!"