பச்சை நான்கு, பழுப்பு இரண்டு

எண்ணிட்ட நிற அட்டையை மறுபடியும் தொட்டிக்குள் இறக்கினாள்.

பச்சை நான்கு.

காலையிலிருந்து இது ஐந்தாவது தடவை. கடல் சாமந்தி, பூவைப் போலிருக்கும் அந்தக் கடலுயிர், தன் விரல்களை விரித்துக்கொண்டு சும்மா இருந்தது. அதற்கென்ன கவலை?

"பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி எத்தன தடவ மேடம் நெறம் பாப்பீக?" என்றாள், தொட்டிகளுக்குத் தண்ணீர் மாற்றும் லூர்தம்மாள்.

இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பாதி இங்கே, மண்டபம் கடற்கரையில். மறுபாதி கேரளக் கரையில், அவனுடைய ஆய்வகத்தில். ஒரே உயிரை நடுவில் அறுத்து, இருவரும் சேர்ந்துதான் பங்கிட்டார்கள். அறுத்தால் சாகாது, இரண்டாக வளரும். மரபணுவில் ஓர் எழுத்துகூட வேறுபடாது.

ஆனால் இங்கே வெயிலில் பச்சை. அங்கே நிழலில் பழுப்பு. பச்சைக்கான மரபணு அங்கேயும் இருக்கிறது. இன்னும் விழித்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

ஏழு வருடம் பக்கத்து மேசையில் இருந்தவன். மாற்றலாகிப் போகும்போது ஒன்றும் சொல்லவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை.

அதன்பின் திங்கட்கிழமைதோறும் ஒரு மின்னஞ்சல். அவள் தன் எண்ணை அனுப்புவாள். அவன் தன் எண்ணை, ஒரு படத்தோடு அனுப்புவான். நலமா என்றுகூடக் கிடையாது. அதற்கே அவள் வாரம் முழுக்கக் காத்திருந்தாள்.

இரண்டு தொட்டியிலும் தொடர்ந்து மூன்று வாரம் நிறம் மாறாவிட்டால் ஆய்வு முடிந்தது. விதியை எழுதியவளே அவள்தான். சொந்தக் காசில் சூனியம்.

போன வாரமும், அதற்கு முந்தின வாரமும் இங்கே பச்சை நான்கு, அங்கே பழுப்பு இரண்டு. இன்று மூன்றாவது வாரம். இன்றும் அதே என்றால், இனி எழுத ஒரு காரணமும் இருக்காது.

ஐந்து என்று போட்டுவிடலாமா?

கை வரவில்லை. நான்கு என்றே அனுப்பினாள். அழுகை வந்தது.

பத்து நிமிடத்தில் அவனிடமிருந்து பதில்.

"பழுப்பு மூன்று. மாறியிருக்கிறது. ஆய்வைத் தொடர வேண்டும்."

படத்தைத் திறந்தாள். விதிப்படி அட்டையும் சாமந்தியும் அருகருகே. பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். தன் அட்டையைத் துடைத்துத் திரையோரம் பிடித்தாள்.

இரண்டு. சந்தேகமே இல்லை. இரண்டேதான்.

ஒரு காற்புள்ளி தவறினாலும் மூன்று நாள் தூங்காத மனிதன்.

அவள் எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள்.

பிறகு பதில் எழுதினாள்.

"படம் தெளிவாக இல்லை. நேரில் வந்து பார்க்கிறேன்."