இருபது தோட்டா

ராயபுரம் கஜேந்திரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வருஷத்தில் இரண்டு மாதம் பிராந்திய ராணுவத்தில் சிப்பாய். அன்று துப்பாக்கி சுடும் பயிற்சி. பையில் தண்ணீர், தொப்பி, குளுக்கோஸ், துப்பாக்கி துடைக்கத் துணி என்று எல்லாம் எடுத்து வைத்தவன், காதுக்குப் பஞ்சு வைக்க மறந்துவிட்டான்.

வெறும் காதோடு இருபது தோட்டா சுட்டான். மற்றவர்களின் வெடி காதைப் பிளந்தது. அவன் துப்பாக்கி மட்டும் சத்தமே போடவில்லை. குறிப்பலகையில் ஒரு துளைகூட இல்லை. "எங்கய்யா பாத்துச் சுட்ட?" என்று அதிகாரி திட்டினார்.

இருப்புக் கொள்ளாமல் சாயங்காலம் வீடு திரும்பினான். மனைவி வினிதா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றிருந்தாள்.

"இன்னாத்துக்கு வெளிய நிக்கற?"

"வூட்டுக்குள்ள வெடிச் சத்தம் கேட்டுகினே இருந்துச்சு. ஒவ்வொரு வாட்டியும் செவுத்துல ஒரு ஓட்டை வுழுது. இப்ப அடங்கிடுச்சுன்னுதான் சோறு வெச்சேன். ஆனா உள்ள நிக்க மனசு வரல."

"எத்தினி ஓட்டை?"

"எண்ணிட்டேன். பத்தொம்போது."

அவன் வாசல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான்.

"சோறு அடிபுடிக்குது. அடுப்ப நிறுத்திட்டு வந்துடறேன்" என்று அவள் படியேறினாள். கஜேந்திரன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"தீயட்டும்."

தீய்ந்த வாசனை தெருக்கோடி வரை போயிற்று. அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். அவன் பிடியை விடவில்லை.