பாதி விலைத் தீர்மானம்

“பாதி விலைன்னா மீதிப் பாதியை யாரு தலையில கட்டுறான்? முதல்ல அதைச் சொல்லு!”

மரக்கரண்டியால் மேசையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார் சேர்மன்.

அவர் எந்தக் கம்பெனிக்கும் சேர்மனாக இருந்தவர் இல்லை. வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவர்கள் தலைமை தாங்கிய கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெழுதியவர். ஓய்வு பெற்ற கையோடு, வீட்டுக் கூடத்தில் தனக்கென்று ஒரு தலைமை நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து முன்மொழியாமல், வழிமொழியாமல் அந்த வீட்டில் ஒரு தலையணை உறைகூட மாறியதில்லை. அந்தக் குடியிருப்பே அவரைச் சேர்மன் என்றுதான் கூப்பிட்டது. அது கிண்டல் என்பது தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

இந்த வாரம் சபையின் முன் இருந்தது ஓடிடி சந்தா. சினிமா, தொடர் எல்லாம் டிவியிலேயே வருமாம், பாதி விலைச் சலுகையாம், இன்றோடு முடிகிறதாம்.

“யாரு தலையிலயோ கட்டட்டும். நம்ம தலையில பாதிதானே?” என்றாள் மனைவி. “என் தங்கச்சி தினமும் போன் பண்ணி பாதிக் கதையைச் சொல்லிட்டு, மீதியை நீயே பாத்துக்கோன்னு வச்சுடுறா. அந்தப் பொண்ணு அவனைக் கட்டிக்கிட்டாளா இல்லையான்னே தெரியாம, அடுப்புல பால் பொங்குறதுகூட என் கண்ணுல பட மாட்டேங்குது.”

“நான் வழிமொழியறேன்,” என்றாள் மகள்.

“அனுமதி வாங்காம வழிமொழியக் கூடாது. உக்காரு.”

“உக்காந்துதாம்பா இருக்கேன்!”

திறந்திருந்த கதவு வழியே எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் தலையை நீட்டினார். “சேர்மன் சார், ஒரு ஸ்க்ரூடிரைவர் கிடைக்குமா?”

நேற்று ஏணி கேட்டு வந்தவர். அதற்கு முந்தின நாள் இஞ்ச் டேப். கேட்டதை எடுத்துக் கையில் கொடுத்தாலும் போகமாட்டார், சோபாவில் சாய்ந்துவிடுவார். பின்னாலேயே அவர் மனைவி ஒரு தட்டு வறுத்த கடலையோடு வந்து உட்கார்ந்தாள். மாடிவீட்டு டீச்சர் உரிக்க வேண்டிய பட்டாணியைக் கூடையோடு கொண்டுவந்து வசதியாகக் காலை நீட்டிக்கொண்டார்.

சேர்மனுக்கு உச்சி குளிர்ந்தது. விஷயம் தெரிந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து காது கொடுக்கிறார்கள் என்றால் சும்மாவா?

“நேத்து அக்கா, ‘நல்ல சரக்கு பாதி விலைக்கு வந்தா வாங்கினா என்ன’ன்னு ஒரு கேள்வி கேட்டாங்களே சார்? நீங்க பதில் சொல்லாமலே சாப்பிடப் போயிட்டீங்க. எனக்கு ராத்திரி தூக்கமே வரலை,” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“இந்த அக்கறைதான்யா வேணும்!” சேர்மன் தொண்டையைக் கனைத்தார். “எல்லாரும் கேட்டுக்கோங்க. போணியாகாத சட்டைக்குத்தான் தள்ளுபடி போடுவான். நல்ல சரக்கை எவனாவது பாதி விலைக்குக் குடுப்பானா?”

“நீங்க போட்டிருக்கறதே தள்ளுபடிச் சட்டைதாங்க,” என்றாள் மனைவி.

டீச்சர் பட்டாணியைப் போட்டுவிட்டுக் கை தட்டினார். மருந்துக்கடைக்காரர் மனைவிக்குக் கடலை புரையேறியது.

“அமைதி! அமைதி!” கரண்டி படபடத்தது. “சரி, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பாப்பே? மணிக்கு அடக்க விலை என்ன? பாத்துக்கிட்டே தூங்கிப் போறியே, அந்த நேரத்தைக் கழிக்கணுமா, கூடாதா?”

“நீங்க பேசினாலும்தான் எனக்குத் தூக்கம் வருது. அதையெல்லாம் கழிச்சா, நாம குடும்பம் நடத்துனதுல என்னங்க மிஞ்சும்?”

“அக்கா, பிரமாதம்!” என்று துள்ளிய மருந்துக்கடைக்காரர், உடனே சேர்மன் பக்கம் திரும்பினார். “ஆனா சார் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. எடுத்தோம் கவுத்தோம்னு முடிவு பண்ணிடாதீங்க. இன்னும் ஒரு வாரம் நல்லா அலசுங்க.”

“அங்கிள், ஆஃபர் இன்னைக்கோட முடியுது!” என்றாள் மகள்.

“இது போனா இன்னொண்ணு வரும்மா. அப்பா நிதானமாப் பேசட்டும்,” என்றார் டீச்சர்.

மனைவி எழுந்துவிட்டாள்.

“போதும். ஒரு தொடர் பாக்க ஒரு பார்லிமெண்ட்டா? என் தீர்மானத்தை நானே வாபஸ் வாங்கிக்கறேன். தங்கச்சி சொல்ற பாதிக் கதையே எனக்குப் போதும். விடுங்க.”

ஓங்கிய கரண்டி அந்தரத்தில் நின்றது. எத்தனையோ தீர்மானங்கள் தோற்றதைச் சேர்மன் குறிப்பெழுதியிருக்கிறார். எந்தத் தீர்மானமும் இப்படி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனதில்லை. மடக்கி மடக்கிக் கேட்க அவள் இல்லாத சபைக்கு நாற்காலி எதற்கு, கரண்டிதான் எதற்கு?

“நில்லு!” என்றார். “தலைவருக்குன்னு ஒரு தனி அதிகாரம் இருக்கு. தீர்மானம் நிறைவேறிடுச்சு. அந்தப் போனை எடும்மா, இப்பவே கட்டிடறேன்.”

மகள் ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அடுப்படி வாசலில் நின்ற மனைவி, சிரிப்பு வெளியே தெரியாமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். “நெஜமாவாங்க?”

“ஐயையோ, கட்டிடாதீங்க சார்!”

மருந்துக்கடைக்காரர் பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பாய்ந்த வேகத்தில் கடலைத் தட்டு கவிழ்ந்தது.

“ஏன்யா, அவ்வளவு மோசமா இருக்குமா?”

“நல்லாத்தான் சார் இருக்கும். எங்க வீட்டுலயும் இருக்கு, டீச்சர் வீட்டுலயும் இருக்கு. எங்களுதையே அக்கா பாத்துக்கட்டும். நீங்க இந்தக் கூட்டத்தை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நாங்க யாரும் அதைத் தொறக்கறதே இல்லை! நாளைக்கு எதைப் பத்தின்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க சார், கீழ்வீட்டுக்காரங்களும் வரேன்னு சொல்லியிருக்காங்க.”