குட்டிக் கை

வெந்தவரின் விரல் சேர்த்த உள்ளங்கை அகலத்துக்கு வெந்திருந்தால் உடம்பில் ஒரு சதவீதம். அதை வைத்துத்தான் காப்பீட்டுக்கு பில் போடுவார்கள். மூட்டை தூக்கும் கருப்பணனுக்கோ முறம்போலக் கை.

"அந்தக் கையால அளந்தா சதவீதமே ஏறாது. உனக்குக் குட்டிக் கை, நீ வச்சுப் பாரும்மா," என்றார் பில்லிங் மேனேஜர் வில்சன், வார்டு வாசலில் வடையை மென்றபடி.

கருப்பணனின் சீழ் கசியும் முதுகின்மேல் படாமல் கையை நகர்த்தி நகர்த்தி, நர்ஸ் செண்பகம் வாய்விட்டு எண்ணினாள். எண்ணிக்கை ஏற ஏற மேனேஜர் எண்ணெய் விரலைச் சப்பிக்கொண்டு தலையாட்டினார். சீழ் நாற்றத்தைத் தாங்கியவள் அந்த வடை வாசத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குப்புறக் கிடந்த கருப்பணன், சுவரில் நகரும் அவள் கை நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தன் கையைப் பின்னால் நீட்டினார்.

"எம்புட்டு நேரம் கைய அந்தரத்துல வச்சிருப்ப தாயி? இந்தா, எங் கை பெருசு. சீக்கிரம் முடிஞ்சிரும்."