ஓட்டுநர் பழக்கம்

மலை ஏறும்போது வண்டி தானாக நியூட்ரலுக்குப் போய்ப் பின்னால் உருண்டது என்று சோதனை ஓட்டுநர் இருளப்பன் மூன்றாவது முறையாகச் சொன்னார். பொறியாளர் ரெஜினால்டு லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் எந்தப் பிழையையும் பதியவில்லை. அது பதியாததையெல்லாம் எங்கள் படிவத்தில் 'ஓட்டுநர் பழக்கம்' என்று எழுதுவோம். இன்று அப்படி எழுதினால் இருளப்பனுக்கு வேலை போய்விடும், கியர்பாக்ஸ் அப்படியே விற்பனைக்குப் போய்விடும்.

மெக்கானிக்கான நான் கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கினேன். சிவப்பாக இருக்க வேண்டியது கறுத்து, கருகிய மயிர் நாற்றத்தோடு சளி போல வழிந்தது. உள்ளே எதுவோ எரிந்திருந்தது. விரலில் தொட்டு ரெஜினால்டின் மூக்கருகே நீட்டினேன்.

"ச்சீ! கையைக் கழுவிட்டு வந்து கையெழுத்துப் போடுய்யா."

"நாத்தத்தை உங்க கம்ப்யூட்டர் பதியாதா சார்?" என்றார் இருளப்பன்.

"நக்கலா?"

நான் கையைக் கழுவவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் அந்த விரலை அழுத்தித் தேய்த்தேன். அந்தக் கறையின் மேலேயே இருளப்பன் வண்டிச் சாவியை வைத்தார்.

"நீங்களே ஒரு தடவை மலையேத்திப் பாருங்க சார். உங்களுக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லையே."

ரெஜினால்டு கைக்குட்டையை எடுத்தார். மூக்கைப் பொத்தவா, சாவியை எடுக்கவா என்று தெரியவில்லை.